ஆம்பூர் தண்ணீருக்குச் செடி தேடி அமிர்தி சாலைக்கு

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆம்பூரிலிருந்து வேலூர் தாண்டி அமிர்தி சாலையில் இருக்கும் ஒரு நர்சரிக்குப் போய் வந்தேன். வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனியில் பசை தடவிவிட்டு ஏழாவது நாளும் பஸ் ஏற யாருக்கும் ஆசை இருக்காது. ஆனால் மாடியில் என் ஐந்து தொட்டிகளிலும் ரோஜா பட்டுப்போயிருந்தது. வீட்டுக்கார அங்கிள் அம்மாவிடம், "அடுத்த மாசம் வாடக வாங்க வருவேன். ஒரு செடியாவது உசிரோட இருந்தா தொட்டிங்க இருக்கட்டும். இல்லன்னா எடுத்துடுங்க, சும்மா எடத்த அடைச்சிக்கினு" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்தத் தொட்டிகள்தான்.

காலை ஏழரைக்குக் கிளம்பினேன். வேலூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சீட் கிடைத்தால் தூங்கலாம்; எனக்குக் கிடைக்கவில்லை. அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். நர்சரியில் நிறுத்தச் சொல்ல வாய் வராமல் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தேன். நீங்கள் போனால் கண்டக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நர்சரியில் ஒவ்வொரு செடிக்கும் சொந்த ஊர் எழுதிய அட்டை செருகியிருந்தது. யாரிடமும் பேசாமல் படித்துக்கொண்டே போனேன். காகிதப்பூ, பிரேசில், முள்ளைக் கொண்டு எதன்மீதாவது ஏறும், தண்ணீர் குறைந்தால்தான் பூக்கும். பட்டுரோஜா, தென் அமெரிக்கா. தரையில் படரும், வெயில் வந்தால்தான் விரியும். நித்யகல்யாணி, மடகாஸ்கர், முழங்கால் உயரம், வருடம் முழுக்கப் பூ, விதை தானாக விழுந்து முளைக்கும்.

விளக்கிச் சொல்ல வராது என்பதால், செடிக்கு ஊற்றும் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அங்கே வேலை செய்யும் அக்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்து உடனே துப்பினார்.

"செடி வளக்கிறியா, ஊறுகா போடுறியா?"

"கேன் தண்ணி கம்பெனி பைப்புல சும்மா விடுறாங்கக்கா. சுத்தம் பண்ற தண்ணிதானே."

"சுத்தமானது கேன்ல பூடுச்சு. அதுலேர்ந்து எடுத்த உப்பெல்லாம் உன் பைப்புல வந்துது."

எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு. அதைவிட நல்லது என்று நினைத்துத்தான் தினமும் வேலை முடிந்து குடம் குடமாக மாடி ஏற்றியிருக்கிறேன். கால் வலி திடீரென்று அதிகமானது போலிருந்தது.

"ரோஜா வேணாம். இது கொஞ்சம் உப்பு தாங்கும்" என்று நித்யகல்யாணியைக் கையில் கொடுத்தார். "மண்ண மாத்து. மழத் தண்ணி புடிச்சு வெய்யி. அது தீந்தா போர் தண்ணி, அதுவும் கம்மியா."

முப்பது ரூபாய். திரும்பும்போதும் நின்றுகொண்டே, செடியை நெஞ்சோடு பிடித்து வந்தேன்.

வாடகை நாளில் அங்கிள் மாடிக்கு வந்தார். நித்யகல்யாணியில் ஐந்து பூக்கள் இருந்தன.

"இன்னாமா இது, சுடுகாட்டு மல்லி. இத போய் வீட்ல வெப்பாங்களா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "உசிரோட இருக்குது அங்கிள்" என்றேன்.

குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தார். "கீழ தண்ணி ஒழுகாம பாத்துக்க" என்று சொல்லி இறங்கிப்போனார்.

நீங்கள் போவதானால் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போங்கள். செடியின் அழகைப் பார்ப்பதற்கு முன் அட்டையைப் படியுங்கள். என் மற்ற நான்கு தொட்டிகளிலும் மண்ணை மாற்றி, பூத்த தொட்டியைச் சுற்றி நகர்த்தி வைத்திருக்கிறேன். இன்னொரு முறை பஸ் ஏறத் தெம்பில்லை. விதை தானாக விழும் என்றுதானே அட்டையில் இருந்தது.