கஞ்சி போட்ட வெள்ளைக் கால்சட்டை

என் சித்தப்பா மயிலாப்பூர் கிளப் ஒன்றுக்குப் பதினொரு வருஷம் பந்து வீசினார். வாரமெல்லாம் குமாஸ்தா, சனிக்கிழமை மத்தியானம் மட்டும் மந்தைவெளித் திடலுக்கு ராஜா. பொங்கலுக்குப் பொங்கல் சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களோடு நம்மவர்கள் ஆடும் பெரிய மேட்சுக்கு மட்டும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு ஏழு வயதான வருஷம் கூப்பிட்டார்கள்.

வீடே தலைகால் புரியாமல் ஆடியது. அம்மா அவருடைய வெள்ளைக் கால்சட்டைக்கு இரண்டு தரம் கஞ்சி போட்டாள். அதைப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது என்பது வேறு விஷயம்.

போகிக்கு முதல் நாள் ஒரு கார்டு வந்தது. மூலைகளில் கறுப்பு மை, சாவுச் சேதிக்கு அடையாளம். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு, படிக்காமலே அதைப் பஞ்சாங்கத்துக்கு அடியில் செருகிவிட்டார். ஆசாரத்தில் அப்பாவை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

நான் அப்போதுதான் வாசிக்கக் கற்றிருந்தேன். கடைப் பலகை ஒன்றையும் விட்டுவைப்பதில்லை. அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்து, கார்டை உருவிக் கூடத்தின் நடுவில் நின்று உரக்க வாசித்தேன். நாங்கள் யாரும் பார்த்தேயிராத ஒரு பங்காளித் தாத்தா ஊரில் காலமாகிவிட்டார்.

"அடி பாவி, வாயை மூடுடீ!" என்று அம்மா ஓடிவந்தாள். அதற்குள் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. விழுந்த நிமிஷத்திலிருந்து தீட்டு, தாத்தா போய்ப் பத்து நாள் ஆகும்வரை. யாரையும் தொடக்கூடாது, எங்கும் போகக்கூடாது.

சித்தப்பா அப்போது கால்சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவுச் சேதி கேட்டால் உடுத்திய துணியோடு குளிக்க வேண்டும். அப்படியே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டார். கஞ்சி கரைந்து காலடியில் வெள்ளையாக ஓடிற்று. நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"நன்னா வாசிக்கறியே. ஒரு எழுத்துகூட விடலை," என்றார். முகமெல்லாம் தண்ணீராக இருந்தது.

அடுத்த வருஷம் வேறொருவரைக் கூப்பிட்டார்கள். சித்தப்பாவை அப்புறம் யாரும் கூப்பிடவேயில்லை.

படிக்காதவரை தீட்டில்லை, மேட்ச் முடிந்ததும் படித்துக்கொள்ளலாம் என்று, அப்பா ஆயுளில் ஒரே ஒரு தடவை தம்பிக்காகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அன்று அது எனக்கு எங்கே தெரிந்தது? சித்தப்பாவே மெச்சிவிட்டார் என்ற பெருமையில், பொங்கல் இல்லாத அந்தப் பொங்கல் முழுவதும், இன்னொரு கார்டு கிடைக்காதா என்று பஞ்சாங்கத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.