கதையில் அவர் வந்தாரா?

ஆலங்குடாவில் நாங்கள் ஐந்தாறு பேர், படித்த நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதில் கடலில் காணாமல் போனவனின் மனைவி, கணவனை இழந்தவள் வீட்டுக்குள் துக்கம் காத்து இருக்க வேண்டிய இத்தா இருப்பதேயில்லை.

"எழுதினவருக்கு எங்கட வழக்கமே தெரியா," என்றாள் ரிஸ்னா. எல்லோரும் சிரித்தார்கள்.

"என்ட உம்மாவும் இன்னும் இத்தா இருக்கல்ல," என்றேன். "வாப்பாட போட் மட்டும்தானே வந்த. அடக்கம் பண்ண மையத்து கிடைக்கல்லயே."

ரிஸ்னா நாவலை மூடிப் பைக்குள் வைத்தாள்.

வீட்டில் உம்மா, யாரும் உடுக்காத வாப்பாவின் சாரத்தைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்ன கதை என்று கேட்டார். கடலில் காணாமல் போனவனின் கதையைச் சொன்னேன். கை அப்படியே கொடியில் நின்றது.

"கடைசில அவர் வந்தாரா மகள்?"

"ஓம் உம்மா, வந்தார்."

நாவலில் அவர் வரவேயில்லை. அந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான், வாப்பாவுக்காகக் காத்திருப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன் என்பது எனக்கே விளங்கியது.