சோப்புக்கு எத்தனை பெயர்

பாண்டிச்சேரி சாரத்தில் வீட்டு முன்னறையிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் நூரீன் டீச்சரை யாரும் லேசில் புகழ்ந்துவிட முடியாது. புகழ்ந்தால் உடனே எடை போடுவார். சோப்புப் போடும் பொய்ப் புகழ்ச்சிக்கு இங்கிலீஷில் ஒரு சொல்தானா என்ன? முகத்துக்கு நேரே மிகையாக அளந்தால் ஃப்ளாட்டரி. காரியம் முடியும்வரை கொஞ்சிக் குழைந்து பேசினால் கஜோல். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் தனக்கொடி, "இன்னாம்மா, நாளுக்கு நாள் எளமையாயிட்டே போற" என்று சொல்லி நேற்றைய வஞ்சிரத்தைத் தலையில் கட்டுகிறாளே, அது. மேலதிகாரி முன்னால் வாலாட்டினால் ஃபான். வகுப்பில் இதையெல்லாம் நடித்தே காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சருக்கு மட்டும் அது சிரிப்பில்லை. கணவர் இறந்தபின் மைத்துனர் இனிக்க இனிக்கப் பேசித்தான் கடையை எழுதி வாங்கிக்கொண்டார். அதிலிருந்து யாராவது நல்ல வார்த்தை சொன்னாலே, அடுத்து என்ன கேட்கப் போகிறார்கள் என்றுதான் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு, மகள் ஷாஜாதியைப் பெண் பார்க்க ஸாகிப் என்ற பையனின் வீட்டார் வந்தார்கள். பையனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை, பாரிஸில் வேலை. பாண்டிச்சேரியில் அப்படியொரு வரனுக்கு எத்தனை வீடு காத்துக் கிடக்கிறது! ஸாகிப்பின் அம்மாவுக்கு வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. சமோசா அருமை, திரைச்சீலை அருமை, ஷாஜாதியின் நிறம், விரல், நடை எல்லாமே அருமை. டீச்சரும் சளைக்காமல், "மாப்பிள்ளைக்கு என்னா களை, என்னா அடக்கம்" என்று பொழிந்தார். மாப்பிள்ளையோ போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நாளைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பியதும் டீச்சர் கதவைச் சாத்தினார்.

"கஜோல்டி இது. அந்தம்மா எதுக்கோ அடி போடுது. உன்ன அவ்ளோ புகழ்ந்துச்சே, வாயில ஒரு தடவ மாஷா அல்லாஹ் வந்துச்சா? நெசமாவே அழகா தெரிஞ்சிருந்தா, கண்ணு பட்டுடுமோன்னு பயந்து அதச் சொல்லியிருக்காது?"

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஷாஜாதி திரும்பினாள்.

"நீ சொன்னியாம்மா?"

"நான் எதுக்குடி..."

"களைன்ன, அடக்கம்ன. ஒரு தடவகூட நீயும் சொல்லல. என்ன தெருமுனைக்கு அனுப்புனாக்கூட கண்ணு படாம ஓதி ஊதித்தான் அனுப்புவ."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தப் பையனிடம் கண் படும்படியாக அவர் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பாஸ்போர்ட்டைத்தான். இத்தனை வருஷமாக ஊரார் வாயைச் சந்தேகப்பட்டவர், தன் வாயை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"உனக்குப் புடிச்சிருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

"இப்பதான் கேக்குற" என்றாள் ஷாஜாதி. கண் கலங்கிவிட்டது. "புடிக்கலம்மா."

டீச்சர் நாளைவரை காத்திருக்கவில்லை. போன் போட்டார். மறுமுனையில் "சொல்லுங்க சம்பந்தி" என்று தேன் ஒழுகியது. பதிலுக்குக் குழைய வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார்.

"என் பொண்ணுக்குப் புடிக்கலைங்க."