ஜப்பான் தொரையும் பலாப் பலகையும்

கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் உதவி டீ மேக்கர், தூள் தயாரிப்பை மேற்பார்க்கிற உத்தியோகம். நியமனக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கும். குச்சி பொறுக்கும் அறையில் எனக்கு வைத்த பேர் வேறு, ‘ஜப்பான் தொரை’. அந்தப் பேர் வந்த கதையை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

காய்ந்த தூளிலிருந்து குச்சியைப் பொறுக்கி எடுக்கும் பெண்கள் அந்த அறையில் இருந்தார்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி. அம்மா செத்த வருஷம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவள் கொழுந்து பறிக்கப் போனாள். அவள் சம்பளத்தில் நான் ஏ.எல். பரீட்சை வரைக்கும் படித்தேன். மலை ஏறி ஏறி முழங்கால் போன பிறகுதான் அவளை இந்த அறைக்கு மாற்றினார்கள். தரையில் சாக்கு விரித்துப் பொறுக்கிய காலம் போய், சுத்தம் என்று மேசை வந்ததிலிருந்து நின்றுகொண்டுதான் வேலை. சுவரோரமாக இரண்டு கல்லின் மேல் ஒரு பழைய பலாப் பலகை கிடந்தது. முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வார்கள். கறுத்துப்போன, ஓரம் உடைந்த பலகை.

இரத்தினபுரியில் ஒருநாள் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். தொழிற்சாலையை ஜப்பான் முறையில் ஒழுங்குபடுத்துவது எப்படி என்று பாடம். வேண்டாத சாமானுக்கெல்லாம் சிவப்பு அட்டை கட்டு, வெளியே தூக்கிப் போடு, இதுதான் முதல் படி. அதைவிட, வகுப்பு நடத்தியவர் இடையில் சொன்ன ஜப்பான் சரித்திரம் என்னைப் பிடித்துக்கொண்டது. பூட்டிக் கிடந்த நாடு ஒரு தலைமுறைக்குள் ஆலையும் ரயிலும் கப்பலும் கட்டியதாம். யுத்தத்துக்குப் போய் ஊர் ஊராக எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலிலிருந்து எழுந்து உலகத்துக்கே கார் விற்றதாம். அட, நம் ரோட்டில் ஓடுகிற வேனெல்லாம் அங்கே ஓடித் தேய்ந்து வந்ததுதானே! தமிழில் புத்தகம் கிடைக்கவில்லை. ஊர் நூலகத்தில் சிங்களத்தில் ஒன்று எடுத்து வாசித்தேன்.

அதில் பட்டு நூல் ஆலைகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. ஏழைத் தகப்பன்மார் முன்பணம் வாங்கிக்கொண்டு பெண் பிள்ளைகளை ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள், நம்மவர்களைக் கங்காணி கூட்டி வந்த மாதிரியே. விடிவதற்கு முன் எழுப்பி, கொதிக்கிற தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் பொழுது சாயும் வரைக்கும் வேலை. தங்குமிடத்துக்கு வெளியே பூட்டு. இருமல் வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், போய்ச் சாகட்டும் என்று. அந்தப் பட்டை விற்ற காசும் சேர்ந்துதான் மெஷினும் கப்பலும் பீரங்கியும் வந்தன. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஆனாலும் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்த இடத்தில், தோட்டத்து மேனேஜர் பெரியதொரை பக்கத்தில் நிற்க நான் பேசியபோது அதைச் சொன்னேனா? இல்லை. ஆலை சொன்னேன், யுத்தம் சொன்னேன், சாம்பல் சொன்னேன். “அங்க பொம்பளைப் புள்ளைங்க நூல் நூத்தே ஒரு நாட்டத் தூக்கி நிறுத்துனாங்க. நம்மளால முடியாதா?” என்று கேட்டேன். முதலில் கை தட்டியது அக்கா. ‘என் தம்பி’ என்று பக்கத்தில் இருந்தவளின் தோளை இடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கே அட்டை கட்டினேன். உடைந்த கூடை, துருப்பிடித்த சல்லடை, பிறகு அந்தப் பலகை. பார்க்க அசிங்கமாக இருந்தது, அவ்வளவுதான் யோசித்தேன். மறுநாள் அதை வெட்டி டிரையர் அடுப்பில் போட்டுவிட்டார்கள். போடச் சொன்னதும் நான்தான்.

கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் சிங்கள அம்மா ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “மல்லி, வாடிவென்ன தெனக் நெத்த?” உட்கார ஓர் இடமில்லையா தம்பி என்கிறார். பெரியதொரையிடம் கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இந்த ஜப்பான் ஒழுங்கைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க ஆட்கள் வரப்போகிறார்கள், என் பதவி உயர்வும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் லயத்து வீட்டு வாசலில் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நரம்பெல்லாம் புடைத்து நீலமாகக் கிடந்தது. தலை நிமிராமலே கேட்டாள்.

“ஏன்டா, அந்த ஜப்பான் புள்ளைங்களுக்கு உக்கார எடம் இருந்துச்சா?”

புத்தகம் அப்போதும் என் பையில்தான் இருந்தது. உட்கார இடத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

“இருந்துச்சுக்கா. மொதல்ல இல்ல, பொறகு குடுத்தாங்க.”

“அப்ப சரி,” என்றாள்.

பாவி, என் பொய் அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாரம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தொழிற்சங்கத் தலைவரிடம் போகக் கிளம்பியிருக்கிறார்கள். ஒருநாள் வேலையை நிறுத்தியிருந்தாலே ஒரு பெஞ்சு வந்திருக்கும். அறை வாசலில் நான் நிற்பது தெரியாமல் அக்கா அவர்களை மறித்துக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் பொறுங்கடி. ஜப்பான்லயும் பொறகுதான் குடுத்தாங்களாம். எந் தம்பி படிச்சுட்டுத்தான் சொல்றான். நீங்க போயிக் கத்துனா அவன் வேலைக்குத்தான் கேடு.”

“ஜப்பான் தொரையே சொல்லிட்டாரா, அப்ப நின்னே சாவோம்,” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். உள்ளே போய், நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரும்பி வந்துவிட்டேன்.

சான்றிதழ் கிடைத்தது. ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. எனக்கு உயர்வும் கிடைத்தது, தனியாகக் குடியிருக்கக் குவார்ட்டஸும் கிடைத்தது. அக்காவின் கால் புண்ணாகி, தோட்டத்து வேலையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறாள். அந்த அறையில் இன்னும் பெஞ்சு இல்லை. இப்போது கேட்கலாம், கேட்கிற இடத்தில்தான் இருக்கிறேன். கேட்டால் ஏன் இவ்வளவு நாள் கேட்கவில்லை என்று வரும். அதற்குப் பயந்துகொண்டு இதை எழுதுகிறேன், பாருங்கள், எப்பேர்ப்பட்ட ஆள் நான்!

போன ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிவிடுவது என்று புத்தகத்தோடு லயத்தில் அவள் இருக்கிற காம்பராவுக்குப் போனேன். அங்கே இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அதை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“உக்காருடா மொதல்ல. வாரம் பூரா நின்னுருப்ப.”

நான் உட்கார்ந்தேன்.