ரோடு இஞ்சினின் அந்தப் பக்கம்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பதினொரு பேர் இருந்தோம். அந்தப் பதினொன்றில் சித்தப்பாவின் கண்ணில் பட்டது ஒருத்திதான் என்பது என் குறை. அவள் பெரியப்பாவின் பெண். எனக்கு மூன்று வயது மூத்தவள். அந்தத் தை மாதத்திலிருந்து அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். எனக்குக் காலையில் கணக்கு, மத்தியானம் பூகோளம். அவளுக்கு நாள் முழுவதும் லீவு. அந்த அதிர்ஷ்டத்தை நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

சித்தப்பா இயந்திரங்கள் தருவிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப்போட்ட படப் புத்தகத்திலிருந்து ரோட்டை அழுத்திப் போடும் நீராவி ரோடு இஞ்சினின் போட்டோக்கள் இரண்டை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஒன்றும் இல்லை. அவள் போட்டோவில் நின்ற டிரைவரை நூலால் அளந்து, "இவன் சித்தப்பா உசரம்" என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதிலிருந்து கணக்குப் போட்டு, அதேபோல ஒரு பொம்மை இஞ்சின் செய்ய ஆரம்பித்தாள். கொதிகலனுக்குப் பால்மாவு டின், முன் உருளைக்குப் பவுடர் டப்பா, ஆணித் தலைகளுக்குக் கடுகு. போட்டோவில் ஆணிகளை எண்ணினேன், முப்பத்தெட்டு. அவள் ஒட்டிய கடுகை எண்ணினேன், முப்பத்தெட்டு. ஒன்றாவது உதிர்ந்திருக்காதா என்று மறுநாளும் எண்ணினேன்.

"சீக்கிரம் முடி. ஹார்பர்ல பெரிய கிரேன் பாக்க என்னோட ஒருத்தருக்கு பாஸ் வாங்கறேன். செஞ்சவாளுக்குத்தான்" என்றார் சித்தப்பா. அன்று எனக்கு மோர் சாதம் இறங்கவில்லை.

அந்த வாரம் மூன்று தெரு தள்ளி ரோடு போட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் போய், நிஜ இஞ்சினை ஐந்து முறை சுற்றி வந்தேன்.

"இன்னா நைனா, கோயில் பிரதட்சணமா? துண்ணூறு வேணும்னா கரிச்சாம்பல் கீது, பூசிக்கினு போ" என்றான் டிரைவர். கல் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. போட்டோவில் கொதிகலனை ஒட்டி உயரத்தில் தெரியும் பெரிய சுழல் சக்கரம், நிஜ இஞ்சினுக்கு இடது பக்கம் மட்டும்தான் இருந்தது! இரண்டு போட்டோக்களும் இடது பக்கத்திலிருந்தே எடுத்தவை. அவளோ இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்திருந்தாள்.

வீட்டுக்கு ஓடி, சித்தப்பாவின் காதில் விழும்படி கத்தினேன். "தப்பு! அந்தப் பக்கம் சக்கரமே கிடையாது!"

அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் உடனே அந்தப் பக்கத்துச் சக்கரத்தைப் பிய்த்தெடுத்தாள். "அப்போ அங்கே என்னடா இருக்கு?"

"ஓட்டறவன் கிட்டக்க ஒரு சின்னச் சக்கரம். கீழே சங்கிலி."

"சங்கிலி எங்கே போறது? எவ்வளவு தடிமன்? உருளைல எப்படி மாட்டியிருக்கு?"

ஒன்பது கேள்வி கேட்டாள். ஒன்பதுக்கும் பதில் சொன்னேன். மூன்று நாளில் சங்கிலி ஏறிவிட்டது. சித்தப்பா இஞ்சினைக் கையில் தூக்கித் திருப்பிப் பார்த்து, "தப்புன்னா உடனே மாத்திக்கறா பார், அது பெரிசு" என்றார். தப்பைக் கண்டுபிடித்தவனைப் பற்றிப் பேச்சில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நிலைமை மாறியது. உள்ளே பெரியம்மா, "இவளை ஹார்பருக்கா? நன்னாயிருக்கே!" என்று சிரிக்கும் சத்தம் கேட்டது. சித்தப்பா வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், "சட்டையை மாட்டிண்டு வாடா" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன். அப்படித்தான் எண்ணினேன். அவள் வாசல் ரேழிவரை வந்து, "நாலு பக்கமும் சுத்திப் பாரு. எதையும் விட்டுடாதே" என்றாள். தோற்றுப்போனவள் உத்தரவு போடுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. விடுவிடென்று படி இறங்கினேன்.

நிஜ இஞ்சின் மூன்று தெரு தள்ளி நிற்கும்போது இவள் எதற்கு என்னிடம் ஒன்பது கேள்வி கேட்டாள் என்பது மட்டும் அன்று என் கணக்கில் வரவில்லை.