ருசி பார்க்காத ரசம்

மகள் சமையல் படிக்க அமெரிக்காவில் மொன்டானாவுக்குப் போகிறேன் என்றதும் நான் முதலில் செய்த வேலை, போனில் அந்த ஊர் மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்ததுதான். மலை, புல்வெளி, ஒரே ஒரு ரோடு. கல்லூரியின் வெப்சைட்டில் மாடுகள் இருந்தன, மனிதர்களைத்தான் காணோம்.

"அங்க யாருக்குடி சமைக்கப் போற? மாட்டுக்கா?"

"டூரிஸ்ட் வருவாங்கம்மா. பண்ணையில வந்து தங்கறவங்களுக்குச் சமைக்க செஃப் கிடைக்காம தவிக்கிறாங்க. டென்ஷன் நக்கோ."

ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். என் வாயை அடைக்க வேண்டுமென்றால், வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் சொல்லும் 'நக்கோ' வந்துவிடும். ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்துவிட்டு இங்கே ஒரு ஹோட்டலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே வேலை அப்படிக் கொட்டிக் கிடக்கிறதென்றால், அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏன் அதை எடுத்துக்கொள்ளாமல் ஓடிப்போனார்கள்? விண்ணப்பம் போட்டுக்கொடுத்த ஹப்சிகுடா ஏஜென்ட், எதைக் கேட்டாலும் "ஹவ் மேடம், ஹவ் மேடம்" என்று சிரித்தான். எல்லாவற்றுக்கும் இப்படி 'ஹவ்' என்று ஆமாம் போடுகிறவனை நான் நம்புவதில்லை. கறி சமைக்க வேண்டியிருக்குமா என்று மட்டும் நான் கேட்கவில்லை. பதில் வந்துவிடுமே என்று பயம்.

நேர்முகத் தேர்வு வீடியோவில் நடந்தது, எங்கள் தார்நாகா வீட்டுச் சமையலறையிலேயே. வீட்டுச் சமையல் ஏதாவது செய்துகாட்டச் சொன்னார்கள். ரசம் வைத்தாள். நான் திரையில் தெரியாதபடி ஃபிரிட்ஜ் ஓரமாக நின்று, தேர்வு நடத்திய வெள்ளைக் கோட்டு அம்மாள் நிஜமாகவே வாத்தியார்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரசம் நுரைத்து வந்தது. அடுப்பை அணைத்தாள். அந்த அம்மாள் முகம் சுருங்கியது.

"நீ ஒரு தடவைகூட ருசி பார்க்கவில்லையே? சரியாக இருக்கிறதென்று எப்படித் தெரியும்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஏஜென்டை நான் பார்த்த அதே பார்வை.

எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும்வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது. வாசனையை வைத்தும் கைப்பழக்கத்தை வைத்தும்தான் சமையல். நான்தான் அவளை அப்படிப் பழக்கினேன். இதனாலேயே இடம் கைநழுவப் போகிறது என்று புரிந்தது. போகட்டுமே என்று உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டேன், பொய் சொல்வானேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினாள். உப்பு போதாது என்று முணுமுணுத்து ஒரு சிட்டிகை போட்டாள். மறுபடி ருசி பார்த்துத் தலையாட்டினாள். முதல்முறை செய்கிறவளுக்குக் கை அப்படி ஓடாது. எத்தனை நாளாக என் முதுகுக்குப் பின்னால் இது நடக்கிறது? அவள் ரசம் அமிர்தமாக இருப்பதற்கு என் வளர்ப்புதான் காரணம் என்று மாரெட்பள்ளி நாத்தனாரிடம் பீற்றிக்கொண்டேனே!

இடம் கிடைத்தது. போய்விட்டாள்.

போன வாரம் ரசம் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் ஹாலில்தான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விட்டுப் பார்த்தேன். உப்பு போதவில்லை. அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று வேண்டுமென்றே அப்படியே பரிமாறினேன்.

"ரசம் எப்படி இருக்கு?"

"எப்பவும்போல நல்லாத்தான் இருக்கு" என்றார், ஊறுகாய் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.