மிதக்க வேண்டிய பூச்சி

வீட்டில் யாருடைய ரப்பர் செருப்பு அறுந்தாலும் அதன் அடிப்பாகத்தை இன்றைக்கும் அழுத்திப் பார்ப்பேன். மெத்தென்று இருந்தால் குப்பையில் போட மனசு வராது. எல்லாம் என் மச்சினனால் வந்த பழக்கம்.

மாதாப்பூர் ஐ.டி. கம்பெனியில் வேலை போன பிறகு அவன் ஹப்சிகுடாவில் எங்களோடு தங்கியிருந்தான். யாரோடும் பேச்சில்லை. அறைக்கதவு சாத்தியே கிடக்கும். உள்ளே சத்தம் இல்லையென்றால் எனக்குப் பயம்; சத்தம் கேட்டால் அதைவிடப் பயம். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான், கம்ப்யூட்டர் படித்தவனை என்ன சொல்லித் தேற்றுவது? "என்னங்க, அவன எப்படியாவது வெளிய கூட்டிட்டுப் போங்க" என்று மனைவி நச்சரித்தபடியே இருந்தாள்.

ஒருநாள் டீ கொடுக்கப் போனபோது போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரர் தூண்டில் முள்ளின்மேல் ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து, நூல் சுற்றித் தட்டான்பூச்சி செய்தார். அது தண்ணீரில் மிதந்தது. மீன் எழும்பிக் கவ்வியது.

"நாமளும் செய்யலாமா மாப்ள?"

அவன் போனை என் பக்கம் திருப்பினான்.

நாச்சாரத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் கேட்டு, இரும்பு இடுக்கி போன்ற சின்ன வைஸ் ஒன்றை வாங்கி வந்தேன். முள்ளை அதில் இறுக்கிவைத்துக் கட்டினோம். செருப்புத் துண்டு உடம்பு, ரப்பர் பேண்ட் கால், பால் கவர் இறக்கை. அவன் ஒரு முடிச்சுப் போட்டால் நான் நாலு போடுவேன். நூல் அவிழ்ந்துவிடுமோ என்று பசை. பசை விட்டுவிடுமோ என்று மேலே மறுபடியும் நூல். பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை, "மிதக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று பைக் சாவியை எடுத்தேன். அவனும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். மனைவி அவசரமாக வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே ஓர் ஏரி. கரையில் தூண்டில் போட்டிருந்த ஒருவர் எங்கள் பூச்சிகளைப் பார்த்து, "க்யா பாய், சப்பல் சே மச்லி பக்டேங்கே?" என்று, செருப்பால் மீன் பிடிக்கப்போகிறோமா எனக் கேட்டுச் சிரித்தார். ரோஷத்தோடு என்னுடையதை வீசினேன். கல் மாதிரி உள்ளே போய்விட்டது.

"அத்தான், செருப்புன்னா மிதக்கும். அதையே முழுகடிச்சிட்டீங்களே!"

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து அவன் பூச்சி. தண்ணீரில் மிதந்த இலைகளுக்கு நடுவே உட்கார்ந்து லேசாகக் கால் ஆட்டியது. திடீரென்று தண்ணீர் வெடித்தது. விரால்! இங்கே தெலுங்கில் கொர்ரமீனு என்பார்கள். பூச்சியை அப்படியே விழுங்கிக்கொண்டு செடிக்குள் பாய, தூண்டில் நரம்பு அறுந்தது. அவன் முழங்காலளவு சேற்றில் இறங்கிவிட்டான்.

"மாப்ள, வழுக்கும்! ஏறு மேல!"

"பாத்தீங்களா அத்தான்? எப்படி அடிச்சுது, பாத்தீங்களா?"

திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தான். மீனில் தொடங்கி, வேலை போன அன்று ஆபீஸ் அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பதுவரை. ஹெல்மெட்டுக்குள் எனக்குப் பாதி கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் நிறுத்திவிடுவானோ என்று பயந்து, "ஆமா மாப்ள, ஆமா" என்றபடி, வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி நேராகவே ஓட்டிக்கொண்டிருந்தேன்.